கற்போரால் வளர்ந்த ஊர்

ஊர் பெருகிய பின்னர் அங்கே கல்விக்கூடம் எழுவது உலக வழக்கு. கல்விக்கூடம் முன்னே தோன்ற, அதனைச் சூழ்ந்து சிற்றூர் பேரூராவதும் உண்டு. அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள லேக்வுட் என்னும் ஊர் இதற்குச் சான்றாகும். அங்கே யூத சமயக் கல்விக்கூடம் ஒன்று தோன்றிய வரலாறு, ஒரு மக்களினம் தன் கல்வியைப் பேரழிவினின்றும் காத்துக்கொண்ட வரலாறேயாம்.

யூத மக்களின் திருமறை தோரா எனப்படும். அம்மறைக்கு அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ட விளக்கங்களும், அவற்றின்மேல் எழுந்த வினாக்களும் விடைகளும் தால்முத் என்னும் பெருநூலில் அடங்கியுள்ளன. அந்நூல் 2,700-க்கு மேற்பட்ட ஏடுகளை உடையது. நாள்தோறும் ஓர் ஏடாக ஓதினும், முற்றும் ஓதி முடிக்க 7 ஆண்டுகளுக்கு மேலாகும். இதனைக் கற்போர் இருவர் இருவராக எதிரெதிரே அமர்வர், உரக்கப் படிப்பர், ஒருவர் சொன்ன பொருளை மற்றவர் மறுப்பர், இருவரும் வாதிட்டுத் தெளிவு காண்பர். ஆதலின், அவர்தம் கல்விக்கூடம் அமைதி நிலவும் இடமாக இராது, அலைகடல்போல் ஒலித்துக்கொண்டிருக்கும்.

இக்கல்வியை யூதர் உயிரினும் மேலாகப் போற்றுதற்குக் காரணம் உண்டு. கி.பி. 70-ஆம் ஆண்டில் உரோமர் எருசலேம் நகரை வென்று, அங்கிருந்த பெருங்கோயிலைத் தீக்கு இரையாக்கினர். நகரம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், யோகனான் பென் சக்காய் என்னும் முதுபெரும் அறிஞர் உரோமப் படைத்தலைவரைக் கண்டார் என்றும், யாவ்னே என்னும் ஊரையும் அங்குள்ள அறிஞர்களையும் காத்தருளுமாறு வேண்டினார் என்றும் மரபுவழிச் செய்தி கூறுகின்றது. கோயில் அழிந்தது, யாவ்னேயில் கல்வி நிலைத்தது. நாடிழந்து பல திசைகளிலும் சிதறிய யூதர், சென்ற இடமெல்லாம் கல்விக்கூடம் கண்டனர்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், கிழக்கு ஐரோப்பாவில் அக்கல்வி புதுவலிமை பெற்றது. இன்று பெலாரஸ் நாட்டில் உள்ள வொலோஷின் என்னும் ஊரில், 1803-ஆம் ஆண்டில் இரபி ஹாயிம் என்பவர் ஒரு பெரிய கல்விக்கூடத்தை நிறுவினார். அதற்கு முன்னர், வெளியூர் மாணவர் பலர் நாளுக்கொரு வீட்டில் உணவு பெற்றுக் கற்று வந்தனர். பிறர் வாயிலில் நிற்கும் நிலை மாணவரின் மதிப்பைக் குறைக்கும் என்று கருதிய அவர், பல ஊர்களினின்றும் பொருள் திரட்டிப் பொது நிதியால் அவர்களைப் பேணினார். உருசிய அரசின் கெடுபிடியால் 1892-ஆம் ஆண்டில் அக்கூடம் மூடப்பட்டது. ஆயினும், அதன் வழியைப் பின்பற்றிய கூடங்கள் பலவாகத் தழைத்தன. அவற்றுள் ஒன்று கிளெட்ஸ்க் நகரில் இருந்தது. அதன் தலைவராக விளங்கியவர் இரபி ஆரன் காட்லர்.

1939-ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. நாஜிகளின் கொடுமையால் 60 இலட்சம் யூதர் மாண்டனர். கிளெட்ஸ்க் நகரத்து யூதரும் அழிக்கப்பட்டனர். பழம்பெருங் கல்விக்கூடங்கள் பாழாயின. போரின் தொடக்கத்திலேயே கிளெட்ஸ்க் நகரை விட்டு வெளியேறிய காட்லர், உருசியாவையும் ஜப்பானையும் கடந்து 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்தார். ஐரோப்பாவில் தவித்த தம் மக்களை மீட்க இடையறாது உழைத்தார். அத்துடன், அழியும் கல்விக்குப் புதுநிலத்தில் வித்திடவும் துணிந்தார்.

அத்துணிவு எளிதன்று. உழைத்துப் பொருளீட்டுதலையே பெரிதென மதித்த அந்நாட்டில், நாள் முழுதும் மறைநூல் ஓதும் கல்வி வேரூன்றாது எனக் கருதினோர் பலர். காட்லர் தளரவில்லை. நகரின் பரபரப்பு மாணவரின் கருத்தைச் சிதறடிக்கும் என்று எண்ணி, பைன் மரங்களும் ஏரியும் சூழ்ந்த ஓய்வூராகிய லேக்வுட்டைத் தேர்ந்தார். 1943-ஆம் ஆண்டில் அவர் அங்கே கூடத்தைத் தொடங்கியபோது வந்த மாணவர் ஏறத்தாழ 14 பேர். பட்டமும் பதவியும் கருதாது, கல்வியின் பொருட்டே கற்றல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

அவர் 1962-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர்தம் மகன் சினியூர் காட்லர் அப்பொறுப்பை ஏற்று 1982 வரை நடத்தினார். மாணவர் தொகை ஆயிரக்கணக்காகப் பெருகியது. கற்க வந்தோர் மணம் புரிந்து அவ்வூரிலேயே தங்கினர். வீடுகளும் கடைகளும் தொழுகைக் கூடங்களும் எழுந்தன. 2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 60,000 ஆக இருந்த மக்கள்தொகை, 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 1,35,000-ஐக் கடந்தது. விரைந்த வளர்ச்சியால் சாலைகளில் நெரிசலும், பள்ளிகளுக்கு நிதி நெருக்கடியும் நேர்ந்தன. வளரும் ஊர்க்கு வளர்ச்சியே ஒரு சுமையாதலும் உண்டன்றோ?

லேக்வுட்டில் கற்றோர் சிறு குழுக்களாகப் பிற நகரங்களுக்கும் சென்றனர். யூதக் குடிகள் பெருகிவரும் ஓர் ஊரில் இளைஞர் சிலர் குடும்பத்துடன் குடியேறுவர். பகலில் அவர்கள் தாமே கற்பர். மாலையில் வணிகரும் மருத்துவரும் தொழிலாளரும் பணி முடித்து வந்து அவர்களோடு அமர்ந்து கற்பர். இவ்வமைப்பு கோலெல் எனப்படும். கற்போர்க்குரிய உதவித்தொகையை ஊரார் அளிப்பர். கடல்வாணிகம் செய்த செபுலோன், ஓதுதலையே தொழிலாகக் கொண்ட தன் உடன்பிறந்தான் இசக்காரைத் தாங்கினான் என்பதும், கல்வியால் வரும் பேறு இருவர்க்கும் ஒப்ப உரியது என்பதும் யூத மரபு. ஆதலின், கொடுப்போர் தம்மை ஈகையாளர் என்று எண்ணுவதினும், கற்போரின் பங்காளர் என்றே எண்ணுவர்.

எருசலேம் கோயில் எரிந்தது. வொலோஷின் கூடம் மூடப்பட்டது. கிளெட்ஸ்க் நகரத்துக் கூடம் அழிந்தது. எனினும், கற்றவர் ஒருவரும், கற்க விழைந்தோர் சிலரும், அவர்களைத் தாங்க முன்வந்த ஊராரும் கூடிய இடத்தில் அக்கல்வி மீண்டும் உயிர்பெற்றது. கல்விக்கூடத்துக்குக் கட்டடம் பின்னர் வரலாம். முன்னர் வரவேண்டியவர் இவர்களே.