மாஸ்டரிங்: செங்கோட்டை கிட்டப்பாவின் இசைத்தட்டுகளை முன்வைத்து

மாஸ்டரிங் என்பது இசைப்பதிவின் கடைசிக் கட்டப் பணியாகும். குரலையும் வாத்தியங்களையும் தனித்தனியாகப் பதிந்து, அவற்றை ஒன்றாகக் கலப்பது மிக்சிங். கலந்து முடித்த பாடலை இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, இணையம் என எந்த வடிவில் வெளியிடுகிறார்களோ அதற்கு ஏற்றவாறு ஒலியளவையும் தொனியையும் பாடல்களுக்கு இடையிலுள்ள இடைவெளியையும் சரிசெய்து மூலப்படியை உருவாக்குவது மாஸ்டரிங். பழைய பதிவை எடுத்து இதே வேலையை மறுபடி செய்தால் அது ரீமாஸ்டரிங். புதிய பாடலில் மாஸ்டரிங் பிசகினால் பாடகரை அழைத்து மறுபடி பதிந்துகொள்ளலாம். பழைய இசைத்தட்டில் அந்த வசதி கிடையாது.

தென்காசி மாவட்டத்தில் அச்சன்புதூர், கடையநல்லூர், குற்றாலம் வட்டாரத்துக்கு அருகிலுள்ள செங்கோட்டையில் 1906-இல் பிறந்தவர் நாடக நடிகரும் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா. 1933 டிசம்பர் 2-ஆம் நாள் இறந்தபோது அவருக்கு வயது 27. தமிழின் முதல் பேசும் படமாகக் கருதப்படும் 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்துவிட்டது. ஆயினும் கிட்டப்பா எந்தப் படத்திலும் நடிக்கவில்லை. ஆகவே அவர் குரல் இன்று எஞ்சியிருப்பது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்கு இசைத்தட்டுகளில் மட்டும்தான். தியாகராஜரின் 'எவரனி' கீர்த்தனையை அவர் பாடிய தட்டு அவற்றுள் பெயர்பெற்றது. அவர் எப்படிப் பாடினார் என்று இன்று ஒருவர் தெரிந்துகொள்வது, அந்தத் தட்டை யாரோ ஒருவர் எப்படி ஓட்டிப் பதிந்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

மாஸ்டர் என்ற பெயர்

அக்காலத்தில் பாட்டு முதலில் மெழுகுத் தட்டில் வெட்டப்பட்டது. அதன்மேல் உலோகப் பூச்சு ஏற்றிப் பிரித்தெடுத்த எதிர்ப்படிவமே மாஸ்டர். அதிலிருந்து ஒரு நேர்ப்படிவமும், அந்த நேர்ப்படிவத்திலிருந்து அச்சுத் தகடுகளும் எடுக்கப்பட்டு, சூடாக்கிய அரக்குக் கலவை அவற்றில் அழுத்தப்பட்டது. அரக்கு ஒரு பூச்சியின் சுரப்பு. உலகச் சந்தைக்கு அதைப் பெருமளவில் அனுப்பிய நாடு இந்தியா. கலவையில் கல்தூளும் சேர்க்கப்பட்டது. எஃகு ஊசி தட்டின் பள்ளத்துக்கு ஏற்பத் தேய்ந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஊசி தேயும்போது பள்ளமும் கொஞ்சம் தேயும். ஒவ்வொரு பக்கத்துக்கும் புது ஊசி போட வேண்டும் என்ற விதியை வீடுகளில் எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை. எனவே மக்கள் அதிகம் விரும்பிக் கேட்ட பாட்டின் தட்டே இன்று மிக மோசமாகத் தேய்ந்திருக்கும். உலோக மாஸ்டர் கிடைக்காதபோது ரீமாஸ்டரிங் இந்தத் தேய்ந்த தட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

வேகமும் சுருதியும்

78 என்பது பொதுப்பெயர்தான். 1920-களின் தட்டுகள் பல 74 முதல் 80 சுற்று வரை வெவ்வேறு வேகங்களில் வெட்டப்பட்டன. மேற்கத்தியப் பியானோ தட்டில் வேகம் தவறினால் ராகம் கெடாது, தொனி மட்டும் மாறும் என்று விட்டுவிடலாம். நம் இசையில் இது பெரிய விஷயம், ஏனெனில் பாடகரின் அடையாளமே அவர் பாடும் கட்டை. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டப் பாடியவர்கள் உயர்ந்த சுருதியில் பாடினார்கள். கிட்டப்பாவின் புகழும் அந்த உச்சஸ்தாயிக் குரலால் வந்தது.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 78-இல் வெட்டிய தட்டை 80-இல் ஓட்டினால் சுருதி 44 சென்ட் ஏறும். நூறு சென்ட் ஒரு அரைச்சுரம். ஆகவே இது அரைச்சுரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலோர் காதுக்கு இது தனியாகத் தெரியாது. ஆனால் 72-இல் வெட்டிய தட்டை 78-இல் ஓட்டினால் ஏற்றம் 139 சென்ட். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரையையும் தாண்டிப் பாடியவராகிவிடுவார். அதோடு மூன்றேகால் நிமிடப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிருகாக்கள் மனிதத் தொண்டையால் இயலாத வேகத்தில் உருளும். அந்தக் காலத்தில் எப்படித்தான் பாடினார்களோ என்று வியக்கும்போது, வியப்பில் ஒரு பங்கு தட்டைச் சுழற்றிய மோட்டாருக்கும் உரியதாக இருக்கலாம்.

சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஆர்மோனியம் ஓரளவு உதவுகிறது. நாடக மேடையில் கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்தவர் அவருடைய சகோதரர் காசி ஐயர். ஆர்மோனியக் கட்டைகள் அரைச்சுர இடைவெளியில் அமைந்தவை. பாடகர் அவற்றில் ஏதேனும் ஒன்றைத்தான் சட்ஜமமாக வைத்துக்கொள்ள முடியும். 74-க்கும் 80-க்கும் இடையிலான மொத்த வேறுபாடே 135 சென்ட் என்பதால், பொருந்தக்கூடிய கட்டைகள் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். ஆனால் அந்த ஆர்மோனியம் இன்றைய 440 ஹெர்ட்ஸ் அளவுக்குச் சுருதி சேர்க்கப்பட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆகவே ஒரே அமர்வில் பதிந்த பல தட்டுகளை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடுவது, தட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் சட்ஜமம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவையும் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் விடை ஓர் ஊகம்தான். நேர்மையான வெளியீடு எந்த வேகத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதைக் குறிப்பிடும்.

ஊசியும் தொனியும்

எல்.பி. தட்டுக்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 25 மைக்ரான். 78 தட்டுக்கு அதைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு வேண்டும். மெல்லிய ஊசியை வைத்தால் அது பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியில் உரசி ஓடும். சற்று மாறுபட்ட அளவுள்ள ஊசி, பழைய எஃகு ஊசிகள் தேய்க்காத உயரத்தில் பள்ளச் சுவரைத் தொடும்; அங்கே குரல் இன்னும் புதிதாக இருக்கும். அனுபவமுள்ளவர்கள் பல ஊசிகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயல்வது இதற்காகத்தான்.

அடுத்தது தொனிச் சமன். இன்றைய போனோ பெருக்கிகள் 1954-இல் நிலைபெற்ற ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவைப் பின்பற்றுபவை. அதற்கு முந்தைய நிறுவனங்கள் தத்தமக்கென ஒரு வளைவை வைத்திருந்தன. மின்முறைப் பதிவு பரவுவதற்கு முன்பு புனல் முன்னால் நின்று பாடிய தட்டுகளுக்கு வளைவே இல்லை. அவற்றைப் புதிய பெருக்கியில் அப்படியே ஓட்டினால் உச்ச ஒலிகள் அமுங்கி, கம்பளி போர்த்திய குரலாக வரும். பழைய தட்டு என்றாலே மங்கலாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் பரவியதற்கு இந்தத் தவறும் ஒரு காரணம்.

இரைச்சலை எவ்வளவு நீக்குவது

கணினி மென்பொருள்கள் வந்தபின் பொரிச்சத்தத்தையும் சீறலையும் நீக்குவது எளிதாகிவிட்டது. ஆபத்தும் அங்கேதான். மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் கூர்மையான அடி, மென்பொருளின் கணக்கில் கீறல் போலவே தோன்றும். கவனியாமல் விட்டால் அது அடியின் முனையை அரிந்துவிடும். ஸ, ஷ போன்ற எழுத்துகளும் சீறலும் ஒரே அதிர்வெண் பகுதியில் இருப்பதால், சீறலை முழுதாகத் துடைத்தால் சாகித்தியத்தின் உச்சரிப்பும் சேர்ந்து போய், தண்ணீருக்குள்ளிருந்து பாடுவது போல ஆகும். கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும், குரல் முழுதாக இருக்கட்டும் என்பதே தேர்ந்தவர்கள் வழி. சில நிமிடங்களில் காது இரைச்சலைப் பின்னால் தள்ளிவிடும். நீக்கப்பட்ட குரலை அதனால் கற்பனை செய்துகொள்ள முடியாது.

வேறொரு நல்ல உத்தியும் உண்டு. இந்தத் தட்டுகளில் ஒலி பக்கவாட்டு அசைவாக மட்டும் பதிந்துள்ளது. ஸ்டீரியோ முனையால் எடுத்து இரு பக்கத்தையும் கூட்டினால், மேலும் கீழுமான அசைவால் வரும் இரைச்சல் தானாகக் கழிந்துவிடும், குரலுக்குச் சேதமில்லை.

இன்றைய பாடல்களில்

புதிய பாடல்களில் சிக்கல் வேறு. குறுந்தகடு வந்தபின், அடுத்த பாட்டைவிட நம் பாட்டு உரக்கக் கேட்க வேண்டும் என்ற போட்டியில் லிமிட்டர் கொண்டு மெல்லிய பகுதிகளையும் உயர்த்தும் வழக்கம் உலகெங்கும் பரவியது. பல்லவியும் சரணமும் ஒரே சத்தம், கேட்பவருக்குச் சோர்வு. ஏ.ஆர். ரகுமானின் பல பாடல் தொகுப்புகளில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர் (இறப்பு: 2008) போன்றோர், மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே இடம் விட்டுப் பதிவதைத் தமிழ்த் திரையிசையில் பலரும் கவனிக்கும்படி செய்தார்கள். இப்போது ஸ்பாட்டிஃபை முதலிய தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே உரப்புக்கு, வழக்கமாக −14 எல்.யூ.எஃப்.எஸ். அளவுக்கு, இறக்கி ஒலிக்கின்றன. அளவுமீறி உரக்கச் செய்த பாடல் அங்கே சத்தமும் கூடாமல் உயிரும் இல்லாமல் கிடக்கும். ஆயினும் கோயில் கொடையில் ரேடியோ செட்டுக்காரர் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் கீழ்ச்சுரங்கள் வராது, கைப்பேசியிலும் அப்படியே. அதனால் மாஸ்டரிங் செய்பவர் நல்ல ஒலிபெருக்கியில் கேட்டபின் மட்டமான ஒன்றிலும் கேட்டுப் பார்ப்பார்.

தட்டுகளைக் காத்தல்

1990-இல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் பழைய தட்டுகளைப் பட்டியலிட்டு வருகிறது. இந்தியாவின் ஓடியன், யங் இந்தியா முத்திரைத் தட்டுகள் பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையுடன் எண்ணிமப்படுத்தப்பட்டன. பெரும்பகுதி இன்னும் வீட்டுப் பரண்களிலும் பழைய பொருள் கடைகளிலும்தான் உள்ளது.

பரணில் தட்டு வைத்திருப்போர் செய்யக்கூடாதது ஒன்று: ஸ்பிரிட் அல்லது ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைப்பது. எல்.பி. தட்டுக்கு விற்கும் திரவங்கள் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. அரக்கு அதில் கரையும். படுக்கவைத்து அடுக்கினால் அடித்தட்டு விரியும், ஆகவே நிமிர்த்தி வைக்க வேண்டும். பழைய கிராமபோனில் ஓட்டிக் காட்டும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது. பதிவு செய்யும்போது குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில், இயன்றால் 96 கிலோஹெர்ட்ஸில், எதையும் நீக்காத ஒரு படியைத் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் சுத்தம் செய்ய வேண்டும். தட்டு நடுவிலுள்ள காகிதத்தையும், அதையொட்டி அரக்கில் பொறித்த எண்ணையும் படமெடுத்துச் சேர்க்க வேண்டும். அமர்வையும் வேகத்தையும் பின்னால் கண்டுபிடிக்க அந்த எண்ணே முதல் தடயம்; யூடியூபில் ஏற்றப்படும் பல பழைய பாடல்களில் காணாமல் போவதும் அதுவே.