படுக்கையில் தொடங்கும் தொழில்

மாணவ நண்பர்களே, உயிருக்குப் போராடும் நோயாளிக்குத் தொழில்வழிச் சிகிச்சை என்றால் உங்களுக்கு நகைப்பு வரலாம். மூச்சையே இயந்திரம் நடத்தும்போது தொழில் ஏது? உத்தியோகம் அன்று, இலக்கணத்தில் தொழிற்பெயர் என்று படிக்கிறீர்களே, அந்தத் தொழில். உண்ணல், உடுத்தல், முகம் துடைத்தல், தலை வாருதல்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசக் கருவியோடு கிடப்பவரை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்திருப்பதே கருணை என்று நெடுங்காலம் எண்ணினர். அக்கருணைக்கு விலை உண்டு. அசையாத தசை சில நாள்களிலேயே மெலிகிறது. இரவு பகல் அறியாத மனம் கலங்கி இல்லாதனவற்றைக் காண்கிறது. சிகாகோ, அயோவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 104 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று 2009-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. இரு சாராருக்கும் நாள்தோறும் மயக்க மருந்தை நிறுத்தி விழிக்கச் செய்தனர். ஒரு சாராருக்கு மட்டும் தொடக்கத்திலேயே உடற்பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் அளித்தனர். மருத்துவமனையை விட்டு நீங்கும்போது தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலைக்கு மீண்டோர் அவருள் 59 விழுக்காடு. மற்றவருள் 35 விழுக்காடே.

ஆயினும் விழித்தவர் காண்பதென்ன? தொண்டையில் குழாய், பேச்சில்லை, அச்சம். அஞ்சிய கை சீப்பைப் பற்றாது. இங்கேதான் மனத்தையும் உடலையும் சேர்த்துப் பிடிக்கும் முறைகள் துணைக்கு வருகின்றன. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாக வெளியிட்ட தசைத் தளர்வு முறை அவற்றுள் ஒன்று. தசையை இறுக்கிப் பின் தளரவிட்டு, இரண்டின் வேறுபாட்டை உணரச் செய்வது அது. நலிந்தவரிடம் அதை அப்படியே ஏவலாகாது. சிகிச்சையாளர் அவர் உள்ளங்கையில் தம் விரலை வைத்து, "மெல்லப் பிடியுங்கள், இப்போது விடுங்கள்" என்பார், அவ்வளவே. எழுதப் பழகும் குழந்தையின் இறுகிய விரல்களை முதலில் தளர்த்துங்கள் என்று ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குச் சொன்னதும் இதுவே.

மூச்சை நெடிதாக விடுதல் இதயத் துடிப்பைத் தணிக்கும். எனினும் கருவியின் மூச்சோடு முரண்படச் சொல்லலாகாது. விரும்பிய இடமொன்றை மனக்கண்ணில் காணச் செய்வதும் உண்டு. மாயத்தோற்றங்களால் மருள்பவருக்கு அது வேண்டா. இன்று இன்ன கிழமை, இது மருத்துவமனை என்று எடுத்துச் சொல்வதும், மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிவிடுவதுமே அவருக்கு ஏற்றவை.

தளர்வு முறைகள் நோயை நீக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மேற்சொன்ன ஆய்வும் அவற்றைத் தனியே சோதித்ததன்று. கையை அசைக்கத் துணிவு தருவன அவை. அச்சம் தணிந்த கையில் ஈரத்துணியைக் கொடுக்கின்றனர். சிகிச்சையாளர் முழங்கையைத் தாங்க, நோயாளி தம் முகத்தைத் தாமே துடைக்கிறார். அடுத்துச் சீப்பு, பின்னர்ப் படுக்கை விளிம்பில் அமர்தல். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அளவு மீறினால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுவர்.