கொத்தும் உரிமை

தூர்லைஃப் ஷெல்டெரூப்-எப்பே 1894-இல், இன்று ஓஸ்லோ எனப்படும் கிறிஸ்தியானியா நகரில் பிறந்தார். பெற்றோர் இருவரும் சிற்பிகள். பையனுக்கோ கோழிப் பைத்தியம். தீனிக்கு வரும் கோழிகளில் எது எதைக் கொத்துகிறது என்று சிறுவயதிலேயே குறித்துவைக்கத் தொடங்கியவர், விலங்கியல் படித்து, 1922-இல் அதை ஒரு ஜெர்மன் உளவியல் இதழில் ஆய்வாக வெளியிட்டார்.

பத்துப் பெட்டைகள் இருந்தால் 45 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் யார் கொத்தலாம், யார் ஒதுங்க வேண்டும் என்பது முதல் சில மோதல்களிலேயே முடிவாகிவிடுகிறது. அதன்பின் சண்டை அபூர்வம். மேலே இருப்பது தலையைத் தூக்கினாலே மற்றது தீனியை விட்டு விலகிவிடும்.

இப்படி மேல்-கீழாக அமைவதுதான் கொத்தும் வரிசை. கட்சி, அலுவலகம் என்று எங்கும் பிறர் இந்த வரிசையைப் பொருத்திப் பேசினார்கள். ஆனால் அவர் கண்டதில் எனக்குச் சுவையானது வேறொன்று. சில கூட்டங்களில் முதல் கோழி இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவதோ திரும்பி முதலாவதையே கொத்தும்! உடல் வலு மட்டும்தான் கணக்கு என்றால் இப்படி ஒரு முக்கோணம் அமையாது. முதல் சந்திப்பின்போது ஒன்று சோர்ந்திருக்கலாம், இறகு உதிரும் பருவத்தில் இருந்திருக்கலாம். அன்று தோற்றது தோற்றதுதான். தேறிய பிறகும் அடங்கியே நடக்கும்.

ஆக, வரிசை இருப்பது கோழிகளின் ஞாபகத்தில். முகமும் கொண்டையும்தான் அடையாளம். கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால், கூடவே வளர்ந்த கோழியையும் அந்நியமாக எண்ணி மற்றவை பாய்கின்றன. புதுக்கோழியை விட்டதும் கூண்டில் ரகளை எழுவதும் இதனால்தான். அதற்கென்று யாரிடமும் பழைய கணக்கு இல்லை.

ஷெல்டெரூப்-எப்பேக்குத் தன் பேராசிரியரோடு பகை வந்தது. நார்வேயில் பெரிய பதவி எதுவும் வாய்க்கவில்லை. அவர் போட்ட பாதையில் மற்றவர்கள் நடந்தார்கள். 1939-இல் அமெரிக்காவில் ஆலி என்ற விலங்கியலாளரும் சகாக்களும் கீழ்நிலைப் பெட்டைகளுக்கு ஆண் ஹார்மோன் ஊசி போட்டார்கள். அவை வரிசையில் ஏறின. 1996-இல் கனடாவில் வந்த ஆய்வு இன்னும் விசித்திரம். தன்னை அடக்கிய கோழியை ஒரு புதுக்கோழி வீழ்த்துவதைப் பார்த்த பெட்டை, அந்தப் புதுக்கோழியிடம் மோதிப்பார்க்கவே துணியவில்லை. புதுக்கோழி தோற்பதைப் பார்த்த பெட்டைகளோ, தாமே முந்திக்கொண்டு அதைத் தாக்கவும் துணிந்தன.