ஒளியும் ஒப்பனையும் ஒலியும்: தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையை முன்வைத்து

முன்னுரை

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றப்படும் தூ. தா. சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். அவர் பெயருக்கு முன்னுள்ள முதலெழுத்து அவர் ஊரையே குறிக்கிறது. பழனி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்புக் கற்றவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கராகப் பணியாற்றியவர். இருபத்து நான்காம் அகவையில் நாடகத்துறைக்கு வந்தவர். அவருடைய பாடற்புலமை பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மேடையின் தொழில்நுட்பக் கூறுகள் அவரது நாடகத்தில் எவ்வாறு செயற்பட்டன என்பது அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. ஒப்பனை, ஒளி, திரை, ஒலி ஆகியவற்றுள் எதுவும் தனித்து நின்று விளைவை உண்டாக்குவதில்லை என்பதையும், ஒன்று மாறும்போது மற்றவற்றின் பொருளும் மாறிவிடுகிறது என்பதையும் அவர் வாழ்வில் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் இரு நிகழ்ச்சிகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒளியோடு பொருந்திய ஒப்பனை

சுவாமிகள் தொடக்கத்தில் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் போன்ற அச்சந்தரும் வேடங்களையே ஏற்றார். சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் ஆவேசத்துடன் மேடையில் தோன்றியபோது, அவையிலிருந்த கருவுற்ற பெண் ஒருவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது என்பது ஒரு செய்தி. நளதமயந்தி நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்து முடித்து, விடியற்காலையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, அங்கிருந்த பெண் ஒருவர் அவரைக் கண்டு அஞ்சி உயிர்விட்டார் என்பது மற்றொன்று. இவற்றால் மனம் வருந்திய சுவாமிகள் நடிப்பதை விடுத்து ஆசிரியப் பணியை மேற்கொண்டார் என்பர். நாடக வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் அவரது நடிப்பாற்றலுக்குச் சான்றாகவே காட்டுகின்றன. முதல் நிகழ்ச்சிக்கு அவ்விளக்கம் பொருந்தும். இரண்டாவதற்குப் பொருந்தாது, நீர்த்துறையில் அவர் நடித்துக்கொண்டிருக்கவில்லை.

அவ்வாறாயின் அங்கு அச்சத்தை உண்டாக்கியது எது? அக்கால மேடை எண்ணெய் விளக்கையும் மண்ணெண்ணெய் விளக்கையும் நம்பியிருந்தது. சுடரொளியில் மஞ்சளும் சிவப்பும் மிகுதி. நீலம் மிகக் குறைவு. ஆகவே அரிதாரத்தின் மஞ்சள் அவ்வொளியில் பொன்போல ஒளிரும். நீலமும் கருமையும் தம்முள் வேறுபாடின்றி இருளோடு கலந்துவிடும். கரிய வேடம் பூண்டவனுடைய உடல் பின்னுள்ள இருளில் கரைய, வெண்மை தீட்டிய புருவமும் கண்விளிம்பும் பற்களுமே மிதப்பனபோலத் தெரியும். மேடையின் முன்விளிம்பில் விளக்குகளை வைத்தால் நிழல் மேல்நோக்கி விழும். அன்றாட வாழ்வில் ஒளி மேலிருந்தே வருவதால் கீழிருந்து ஒளிபெற்ற முகம் நமக்குப் பழக்கமற்றதாகி அச்சந்தருகிறது. தொலைவிலிருப்போரும் காணும்பொருட்டுக் கோடுகளைத் தடிப்பாக இழுப்பதும் இவ்வொளியைக் கருதியே ஆகும்.

இவ்வளவு மிகைப்படுத்திய முகத்தை அவையோர் தாங்கிக்கொள்வது எவ்வாறு? மேடைச் சட்டம், தொலைவு, பின்பாட்டு, சுற்றியிருக்கும் கூட்டம் ஆகியன 'இது நாடகம்' என்று இடைவிடாது அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நீர்த்துறையில் இவற்றுள் ஒன்றுமில்லை. மங்கிய வைகறை ஒளியில், நாற்பது அடித் தொலைவுக்கென வரைந்த முகம் நாலடித் தொலைவில், இசையின்றி வந்து நின்றது. நாடகம் விடிய விடிய நடந்தமையே இச்சந்திப்புக்கு இடந்தந்தது என்பதும் கருதத்தக்கது. மேடையைவிட்டு இறங்கிய ஒப்பனை தன் எல்லையை இழந்துவிடுகிறது. அதற்கு நடிகர் பொறுப்பாளி அல்லர். சுவாமிகள் அப்பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டது அவரது இயல்பு.

எழுதிய திரையும் பாடிய காட்சியும்

பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் வண்ணந்தீட்டிய திரைகள் தமிழ் மேடைக்கு வந்தன. ஊர் ஊராகச் செல்லும் குழுவுக்குச் சுருட்டிப் பெட்டியுடன் வண்டியிலும் கப்பலிலும் ஏற்றத்தக்க காட்சியமைப்பு திரை ஒன்றே. காடு, தெரு, அரண்மனை என்னும் சில திரைகளே எல்லா நாடகங்களுக்கும் பயன்பட்டன. தெருத்திரையில் வீடுகள் தொலைவு செல்லச் செல்லச் சிறுத்து ஒரு புள்ளியில் கூடுவனவாக வரையப்பட்டிருக்கும். நடிகர் பின்னோக்கிச் சென்று திரையருகே நின்றால் வீட்டின் கூரையைவிட உயர்ந்துவிடுவார், மாயை கலைந்துவிடும். எனவே அவர் முன்பகுதியிலேயே நின்று பாட வேண்டியிருந்தது. விளக்கின் ஒளி நிறைந்திருந்ததும், குரல் அவையை எட்டியதும் அவ்விடத்தில்தான். திரையின் குறைபாடும் குரலின் தேவையும் நடிகரை ஒரே இடத்தில் நிறுத்தின.

சி. கன்னையாவின் குழு பேரளவான காட்சியமைப்புகளால் புகழ்பெற்றது. நவாப் இராஜமாணிக்கமும், பின்னாளில் 'இலங்கேசுவரன்' முதலிய நாடகங்களில் ஆர். எஸ். மனோகரும் தந்திரக் காட்சிகளை வளர்த்தனர். சுவாமிகளின் வழி இதனின் வேறானது. வள்ளி திருமணத்தில் தினைப்புனம் கட்டப்படுவதில்லை. ஒரு பலகையோ நாற்காலியோ பரணாகிவிடுகிறது. ஆலோலம் பாடும் குரல் பறவைகளையும் வயலின் பரப்பையும் அவையோர் மனத்தில் நிறுவுகிறது. மேடையோரத்தில் யாவரும் காண அமர்ந்திருக்கும் ஆர்மோனியக் கலைஞர், மிருதங்கக் கலைஞர், 'ஆல்ரவுண்ட்' எனப்படும் தாளக் கருவிகளை இயக்குபவர் ஆகியோரே இங்குத் தொழில்நுட்பப் பிரிவினர். வேடனின் நுழைவு, அடி, வீழ்ச்சி, பகடிக்காரரின் சொல்முத்தாய்ப்பு ஆகிய ஒவ்வொன்றும் அவர்கள் கையில் உள்ளது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவே இணைந்து நடிக்கும் ஸ்பெஷல் நாடகத்திற்கு இக்கட்டமைப்பு இன்றியமையாதது. காட்சிப்பொறிகளுக்கு ஒத்திகை வேண்டும். யாவரும் அறிந்த பாட்டுக்கு ஆர்மோனியம் சுருதி தந்தால் போதும்.

ஒலிபெருக்கிக்கு முன்னும் பின்னும்

1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சுவாமிகள் சிறுவர்களைப் பயிற்றுவித்தார், டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கு உருவானவர்களே. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் குரல் உடையாத சிறுவனின் உச்சத்தொனி கடைசி வரிசையையும் எட்டும். பாலர் சபைகள் பெருகியமைக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் இந்த ஒலியியல் காரணத்தை ஒதுக்கிவிட இயலாது. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் ஆகியோரின் உச்சக்குரல் அழகும் இச்சூழலில் வளர்ந்ததே.

ஒலிபெருக்கி வந்தபின் நடிகர்கள் ஒலிவாங்கியைச் சுற்றி நிற்கத் தொடங்கினர். முன்பு குரலை எறிந்து நின்ற இடத்திற்கும் இதற்கும் அடிக்கணக்கில் வேறுபாடு அதிகமில்லை. உடல்மொழியிலோ வேறுபாடு பெரிது. ஒளியிலும் இதே நிலைதான். குழல்விளக்கின் வெள்ளொளி நிழலை அழித்து நீலத்தை நீலமாகவே காட்டுகிறது. பழைய கோடுகளுடன் அவ்வொளியில் வரும் எமனைக் கண்டு சிறுவர்கள் சிரிக்கின்றனர். அதற்கு நடிகரின் திறமைக்குறைவைக் காரணங்காட்டுவது, நீர்த்துறை நிகழ்ச்சிக்கு நடிப்பாற்றலைக் காரணங்காட்டுவதைப் போன்ற பிழையே. சுவாமிகளின் நாடகங்களை இன்று மேடையேற்றுவோர் முதலில் விளக்குகளின் நிறத்தையும் உயரத்தையும் உறுதிசெய்துகொண்டு, அவ்வொளியின்கீழ் நடிகரை நிறுத்திப் பார்த்தபின்னரே ஒப்பனையின் வண்ணங்களைத் தீர்மானிக்க வேண்டும்.