வெள்ள மீட்புக்கு ஆறு சக்கர நீர்நில வாகனம்: குதிரைத் திறன் எவ்வளவு தேவை?

புதுடெல்லி: பஞ்சாபில் 2025 ஆகஸ்டில் பெருவெள்ளம் ஏற்பட்டபோது, அமிர்தசரஸ் மாவட்டத்தில் ராணுவம் களமிறக்கிய நீர்நில வாகனங்கள் நாடு முழுவதும் கவனத்தை ஈர்த்தன. ஆளுயர டயர்களுடன் சேற்றில் ஏறியும் நீரில் மிதந்தும் சென்ற இவ்வாகனங்கள், சாலை துண்டிக்கப்பட்ட கிராமங்களில் சிக்கியவர்களை மீட்டு வந்தன. இதைக் கண்டபின், ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழையை அச்சத்துடன் எதிர்நோக்கும் திருப்பதி, சித்தூர் போன்ற பகுதிகளுக்கும் இத்தகைய வாகனங்கள் வேண்டும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. ஆனால், அவற்றுக்கு எவ்வளவு ஆற்றல் கொண்ட எஞ்சின் தேவை என்பதில் தவறான முடிவெடுத்தால், மீட்கச் செல்பவர்களே மீட்கப்பட வேண்டியவர்களாகிவிடும் அபாயம் உள்ளது.

2021 தந்த பாடம்

2021 நவம்பர் 19-ம் தேதி அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், ராயலசீமா பகுதியில் பெருமழையைக் கொட்டித் தீர்த்தது. திருமலை செல்லும் பாதைகள் சேதமடைந்தன. ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சீரமைக்கப்பட்டு 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பழந்தமிழில் பொன்முகலி என வழங்கப்பட்ட சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டது. திருப்பதி அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டதால், தாழ்வான கிராமங்களில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டனர். சித்தூர் நகரின் வழியே ஓடும் நீவா நதியின் வெள்ளம், பொன்னையாறு வழியாகப் பாலாற்றை அடைவதால், அங்கு பெய்யும் மழை தமிழகத்தையும் பாதிக்கிறது.

அதே நாளில் அண்டை மாவட்டமான அனந்தபூரில் நிகழ்ந்த சம்பவம் இங்கு நினைவுகூரத்தக்கது. சித்ராவதி ஆற்று வெள்ளத்தில் காருடன் சிக்கியவர்களை மீட்க ஜேசிபி இயந்திரம் ஒன்று ஆற்றில் இறக்கப்பட்டது. ஆற்றல் மிக்க அந்த இயந்திரமும் நடு ஆற்றில் நின்றுபோனது. இறுதியில், காப்பாற்றச் சென்றவர்களையும் சேர்த்து 10 பேரை விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் மீட்டது. வெள்ளத்தின் விசைக்கு முன் எஞ்சின் ஆற்றல் மட்டும் போதாது என்பதை இச்சம்பவம் தெளிவாக உணர்த்தியது.

ராணுவ வாகனத்தின் திறன்

பஞ்சாபில் பயன்படுத்தப்பட்ட வாகனத்தின் பெயர் 'அட்டோர் என்1200'. ஜேஎஸ்டபிள்யூ கெக்கோ மோட்டார் நிறுவனத்திடம் இருந்து 96 வாகனங்களைச் சுமார் ரூ.250 கோடி மதிப்பில் ராணுவம் வாங்குவதாக 2023-ல் அறிவிக்கப்பட்டது. நான்கு சக்கரங்கள் கொண்ட இதன் எடை சுமார் 2,400 கிலோ. 1,200 கிலோ வரை பாரம் ஏற்றலாம். இதிலுள்ள 1.5 லிட்டர் டீசல் எஞ்சினின் திறன் 55 குதிரைத் திறன் மட்டுமே. நம் ஊர் வயல்களில் உழும் நடுத்தர டிராக்டருக்கு இணையானது. தரையில் மணிக்கு 40 கி.மீ., நீரில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் இது செல்லும்.

முழுப் பாரத்துடன் கணக்கிட்டால் ஒரு டன் எடைக்குச் சுமார் 15 குதிரைத் திறன்தான் கிடைக்கிறது. ஆயினும் இது சேற்றில் சிக்காமல் செல்வதற்குக் காரணம், மெதுவாக இழுக்கும் தாழ்ந்த கியரும், குறைந்த காற்றழுத்தம் கொண்ட அகன்ற டயர்களுமே ஆகும்.

ஆறு சக்கர வண்டியின் கணக்கு

ஆறு சக்கர நீர்நில வண்டிகள் இதைவிடச் சிறியவை. 1960-களில் கனடாவில் உருவான இவ்வகை வண்டிகளில், அந்நாட்டின் 'ஆர்கோ' பரவலாக அறியப்பட்டது. தொட்டி போன்ற உடல், ஆறு சக்கரங்களுக்கும் ஆற்றலைக் கொண்டு செல்லும் சங்கிலிகள், 20 முதல் 30 குதிரைத் திறன் வரையிலான சிறிய எஞ்சின் ஆகியவை இதன் பொதுவான அமைப்பு. மண்ணின் மீது இது செலுத்தும் அழுத்தம் மனிதனின் காலடி அழுத்தத்தைவிடக் குறைவு. எனவே, டிராக்டர் புதையும் நனைந்த வயலிலும், படகு தரைதட்டும் முழங்கால் ஆழ நீரிலும் இதனால் செல்ல முடியும்.

எவ்வளவு திறன் தேவை என்பதை எளிய கணக்கு ஒன்றால் அறியலாம். வண்டியின் எடை 500 கிலோ. மீட்பு வீரர்கள், மீட்கப்படுவோர் உள்பட நால்வரும் கருவிகளும் 300 கிலோ. ஆக மொத்தம் 800 கிலோ. மூன்றடிக்கு ஓரடி உயரும் ஏரிக்கரைச் சரிவில் ஏற ஏறத்தாழ 250 கிலோ இழுவிசை தேவை. சேற்றின் தடையை வெல்ல மேலும் 150 கிலோ தேவை. இந்த 400 கிலோ விசையுடன் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரங்களில் 12 குதிரைத் திறன் இருக்க வேண்டும். பெல்ட், சங்கிலி, கியர் ஆகியவற்றில் மூன்றில் ஒரு பங்கு இழப்பு எனக் கொண்டால், எஞ்சினின் திறன் 18 ஆக இருக்க வேண்டும்.

இத்துடன் இரு காரணங்களுக்காகச் சிறிது கூடுதல் திறன் ஒதுக்க வேண்டும். முதலாவது, இவ்வண்டி ஒரு பக்கச் சக்கரங்களைத் தடுத்து நிறுத்தியே திரும்புகிறது. திரும்பும்போது சக்கரங்கள் மண்ணை உரசுவதால் எஞ்சினின் சுமை கூடுகிறது. இரண்டாவது, 1,000 மீட்டர் உயரத்துக்குச் சாதாரண எஞ்சினின் திறன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது. சுமார் 700 மீட்டர் உயரத்தில் உள்ள மதனபள்ளி போன்ற இடங்களில் இதைக் கவனிக்க வேண்டும். இவற்றையும் சேர்த்தால் 22 முதல் 25 குதிரைத் திறன் போதுமானது. வேகத்தை இரு மடங்காக்க விரும்பினால் திறனும் இரு மடங்காக வேண்டும். ஆனால், சேற்றுச் சரிவில் அந்த வேகம் பயன்தராது, பாதுகாப்பானதும் அன்று.

நீரில் நிலைமை வேறு

நீரில் இறங்கியதும் கணக்கு மாறுகிறது. அங்கு வண்டியைச் செலுத்துவது சுழலும் டயர்களின் பள்ளங்கள் மட்டுமே. நிலையான நீரில் கிடைக்கும் வேகம் மணிக்கு 4 முதல் 5 கி.மீ. தான். நீரில் வேகத்தை இரு மடங்காக்க ஏறத்தாழ எட்டு மடங்கு ஆற்றல் தேவைப்படும் என்பது இயற்பியல் விதி. எஞ்சினை முடுக்கினால் டயர்கள் நீரை வாரி இறைக்குமே தவிர வண்டி விரைவதில்லை.

வெள்ளக் காலத்தில் ஆற்றின் ஓட்டம் நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கி.மீ., என்ற அளவைச் சாதாரணமாகவே தாண்டிவிடுகிறது. அத்தகைய ஓட்டத்தை எதிர்த்து நிற்க 20 குதிரைத் திறன் வண்டியாலும் இயலாது. 40 குதிரைத் திறன் வண்டியாலும் இயலாது.

மாறாக, பெரிய எஞ்சின் தீங்காகவும் அமையலாம். எஞ்சினில் கூடும் ஒவ்வொரு கிலோவும் வண்டியை நீரில் மேலும் அமிழ்த்துகிறது. தரையில் நால்வரை ஏற்றும் ஆறு சக்கர வண்டி, நீரில் பெரும்பாலும் இருவரை மட்டுமே பாதுகாப்பாக ஏற்றும். எஞ்சின் எடை 50, 60 கிலோ கூடினால், ஒருவருக்கான இடம் போய்விடும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2022 ஏப்ரல் 4-ம் தேதி திருப்பதி தனி மாவட்டமானது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் அருகிலுள்ள அரக்கோணத்தில் உள்ளது. மோட்டார் பொருத்திய ரப்பர் படகுகளை இப்படை கையாள்கிறது. ஆழமான நீருக்குப் படகும், ஓடும் ஆற்றின் நடுவே சிக்கியவர்களுக்கு ஹெலிகாப்டரும் இருக்க, ஏரி உடைப்பெடுத்த வயல், சேறு படிந்த தெரு, தேங்கிய வெள்ளம் ஆகியவற்றுக்கே ஆறு சக்கர வண்டி பொருந்தும். அந்த எல்லைக்குள் அதன் பணியை வேறு எந்த வாகனமும் எளிதில் செய்ய இயலாது.

அரசுக் கொள்முதலில் குறைந்தபட்சக் குதிரைத் திறன் என்ற ஒற்றை நிபந்தனை விதிக்கப்பட்டால், கனமான எஞ்சின் கொண்ட வண்டியே வந்து சேரும். நீரில் ஏற்றக்கூடிய எடை, தாழ்ந்த கியரில் இழுவிசை, முழுப் பாரத்துடன் சரிவு ஏறும் திறன், அருகிலேயே பழுது நீக்கும் வசதி ஆகிய நான்கும் ஒப்பந்தப் புள்ளியில் இடம்பெறுவது அவசியம். கோடையில் சுவர்ணமுகியின் வறண்ட மணலில் நடத்தப்படும் சோதனை ஓட்டம் போதாது. முழு எண்ணிக்கையில் ஆட்களை ஏற்றி, நீர் நிறைந்த ஏரியில் இறக்கி, நனைந்த கரை வழியே மேலேற்றிப் பார்ப்பதே உரிய சோதனையாகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.