வீட்டு வண்டிக்கு இன்வெர்ட்டரா? முதலில் பட்டியல், பிறகு கடை!

வேனுக்குள்ளேயே படுக்கை, சின்னதாகச் சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் அமைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்வரும் வழக்கம் நம் பக்கமும் மெல்லப் பரவி வருகிறது. 2021-ல் கேரள அரசு 'கேரவன்' சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத பெரியவர்களையும், வேளை தவறாமல் மருந்து சாப்பிட வேண்டியவர்களையும் அழைத்துப் போக இதைவிடச் சௌகரியம் கிடையாது.

இந்த வண்டி விஷயத்தில் ஒரு வேடிக்கை. திரைச்சீலை என்ன நிறம், மெத்தை எத்தனை அங்குலம் என்பதற்கெல்லாம் நம்மிடம் யோசனை கேட்பார்கள். கரண்ட் என்று வந்ததும், "அதை நாங்க பாத்துக்கறோம்" என்று ஆண்கள் ஒதுக்கிவிடுவார்கள். விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! அந்தக் கரண்டில் சட்னி அரைக்கப் போவதும் நாம்தான், நடு ராத்திரியில் பெரியவர்களுக்கு மருந்து மெஷினை மாட்டப் போவதும் நாம்தான்.

எங்கள் வண்டியில் மூன்று பேர். நான், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் என் கணவர், 78 வயதான என் மாமியார். அத்தைக்கு ஆஸ்துமா. பனிக்காலத்தில் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால் நெபுலைசர் வைத்தே ஆக வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கோயில்களை எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம் என்று திட்டம் போட்டபோது அத்தை கேட்டது ஒரே கேள்விதான்: "ஏங்கண்ணு, எம்பட மிசினு அந்த வண்டில ஓடுமா?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் இன்வெர்ட்டர் தேர்வு தொடங்கியது. "பெரிசா ஒண்ணு வாங்கிட்டா போச்சு" என்றார் என் கணவர். "மொதல்ல எது எது ஓடணும்னு எழுதிப் பாப்போங்க" என்றேன் நான்.

இன்வெர்ட்டர் என்ன செய்கிறது?

வண்டி பாட்டரியில் இருப்பது 12 வோல்ட் டி.சி. மின்சாரம். (பெரிய பஸ், லாரிகளில் 24 வோல்ட்.) வீட்டுச் சாமான்களுக்கு வேண்டியது 230 வோல்ட் ஏ.சி. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதுதான் இன்வெர்ட்டர். அதுவாக மின்சாரம் எதையும் உண்டாக்காது. பாட்டரியில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும். மாற்றும்போது பத்தில் ஒரு பங்குக்குமேல்கூட வீணாகலாம்.

ஆகவே 12 வோல்ட்டிலேயே ஓடக்கூடியதை இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுவது வீண் செலவு. விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜர், கம்ப்ரஸர் வைத்த சின்ன ஃப்ரிட்ஜ் எல்லாம் 12 வோல்ட்டிலேயே கிடைக்கின்றன. நாங்கள் அவற்றைத்தான் வாங்கினோம். இன்வெர்ட்டருக்கு என்று மிஞ்சியவை இரண்டே சாமான்கள்: நெபுலைசர், மிக்ஸி.

பட்டியல் போடுங்கள்

ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் பாருங்கள். அடியிலோ பின்னாலோ எத்தனை 'வாட்ஸ்' என்று போட்டிருக்கும். அதை, நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறதோ அதனால் பெருக்கினால் 'வாட்-மணி' கிடைக்கும். எங்கள் வண்டியின் ஒரு நாள் கணக்கு இதோ:

நெபுலைசர் – 150 வாட்ஸ், கால் மணி வீதம் மூன்று தடவை: 113
மிக்ஸி – 500 வாட்ஸ், ஆறு நிமிடம்: 50
மின்விசிறி இரண்டு – தலா 25 வாட்ஸ், எட்டு மணி நேரம்: 400
ஃப்ரிட்ஜ் – வெயிலைப் பொறுத்து, சுமார்: 450
விளக்குகள் – 10 வாட்ஸ், நான்கு மணி நேரம்: 40
செல்போன்கள்: 30
மொத்தம்: 1,083 வாட்-மணி

பார்த்தீர்களா? எந்த மெஷினுக்காக இவ்வளவு கவலைப்பட்டோமோ, அது தின்பது மிகவும் கொஞ்சம். ஒரு தடவைக்கு 40 வாட்-மணிகூட ஆகவில்லை. கரண்டை விழுங்குகிறவை வேறு. 1,800 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்பை அரை மணி எரித்தால் 900 வாட்-மணி போய்விடும். 700 வாட்ஸ் ரைஸ் குக்கருக்கு அரை மணியில் 350. இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தலை உலர்த்தும் மெஷின் எல்லாம் இதே ஜாதிதான். சூடு உண்டாக்கும் சாமான் எதுவும் வண்டி பாட்டரிக்கு ஆகாது. சமையலுக்கு கேஸ் அடுப்பே போதும் என்று தீர்மானித்தோம். அந்த ஒரு தீர்மானத்தில் இன்வெர்ட்டரின் அளவு பாதியாகக் குறைந்தது.

எத்தனை வாட்ஸ் வாங்குவது?

ஒரே நேரத்தில் ஓடக்கூடியவற்றைக் கூட்டுங்கள். எங்களுக்கு மிக்ஸியும் நெபுலைசரும் சேர்ந்தே ஓடினாலும் 650 வாட்ஸ்தான். ஆனால் மோட்டார் உள்ள சாமான்கள் சுற்றத் தொடங்கும் அந்த ஒரு நொடியில், எழுதியிருப்பதைப் போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். சில சமயம் அதற்கு மேலும் இழுக்கும். ஆகவே தொடர்ந்து 1,000 வாட்ஸும், நொடிப்பொழுதுக்கு 2,000 வாட்ஸும் தரக்கூடியதாக வாங்கினோம். கடைக்காரர் பெரிய எழுத்தில் காட்டுவது பெரும்பாலும் அந்த நொடிப்பொழுதுக் கணக்கைத்தான். "தொடர்ந்து எவ்வளவு தரும்?" என்று கேளுங்கள். சிலவற்றில் 'வி.ஏ.' என்று போட்டிருப்பார்கள். அதுவும் வாட்ஸும் ஒன்றல்ல. வாட்ஸ் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சின்ன இன்வெர்ட்டர் போதாதா என்று கேட்கலாம். அந்தத் துளைக்குச் சாதாரணமாக 10 அல்லது 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான் இருக்கும். லாப்டாப்புக்குச் சரி. நெபுலைசருக்கு நம்ப முடியாது.

அலையைக் கவனியுங்கள்

வீட்டு மின்சாரம் நெளிநெளியாக, சீரான அலையாக வருகிறது. அதே மாதிரி தருவது 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டர். விலை மலிவான ரகங்கள் படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்ட அலையைத் தரும். அதில் மோட்டார் இரையும், அதிகமாகச் சூடேறும். சில எலெக்ட்ரானிக் சாமான்கள் தாறுமாறாக வேலை செய்யும். மருத்துவக் கருவி வைத்திருப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. சைன் வேவ்தான் வேண்டும்.

தூக்கத்தில் மூச்சடைப்புக்காக 'சிபாப்' வைத்துக்கொள்கிறவர்கள், முதலில் அந்தக் கருவிக்கு 12 வோல்ட் ஒயர் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். பல கருவிகளுக்கு உண்டு. கிடைத்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி வருவதாகச் சொன்னால் ஜாக்கிரதை! அமெரிக்க இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்.

பாட்டரியும் ஒயரும்

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-மணி உண்டு. ஈய-அமில பாட்டரியானால் பாதிக்குமேல் எடுக்காமல் இருந்தால்தான் நீடித்து உழைக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 80 சதவிகிதம் வரை எடுக்கலாம். எடையும் குறைவு, விலைதான் அதிகம். நாங்கள் அந்த வகையில் 150 ஆம்பியர்-மணி வாங்கினோம். கையில் 1,440 வாட்-மணி. கூரையில் 300 வாட்ஸ் சூரியத் தகடு. வண்டி ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற, நடுவில் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியை மட்டும் இதோடு சேர்க்கவேயில்லை. இரவெல்லாம் விசிறி சுற்றிவிட்டுக் காலையில் வண்டி கிளம்பாவிட்டால் நடு ரோட்டில் என்ன செய்வது?

இனி, பாதுகாப்பு. 1,000 வாட்ஸ் எடுக்கும்போது 12 வோல்ட் ஒயரில் ஏறக்குறைய 100 ஆம்பியர் பாயும். ஒயர் மெல்லியதாக இருந்தால் கொதித்துத் தீப்பிடிக்கும். இன்வெர்ட்டரைப் பாட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்து, ஒயரைக் குட்டையாகவும் கனமாகவும் போடச் சொல்லுங்கள். பாட்டரியின் ப்ளஸ் முனைக்கு வெகு அருகில் சரியான ஃப்யூஸ் வேண்டும். 230 வோல்ட் பக்கத்தில், ஷாக் அடித்தால் உடனே கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வேண்டும். வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் வசதி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் கலக்காதபடி மாற்று ஸ்விட்ச் அவசியம். இதையெல்லாம் விஷயம் தெரிந்த எலெக்ட்ரீஷியனே செய்யட்டும்.

இன்வெர்ட்டருக்குக் காற்றோட்டம் தேவை. அதன்மேல் போர்வை, துணிமணி அடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றும் ரக பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். கேஸ் அடுப்பு எரிகிற, ஆள் படுக்கிற இடத்துக்குள் அதை வைக்கவே கூடாது. ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதன் புகை வண்டிக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூங்குகிறவர்களைக் கொன்றுவிடும். இன்னொன்று: வண்டியை மாற்றிக் கட்டுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற வேண்டும்.

இரவுக்கு என்று சில பழக்கங்கள்

சும்மா இருக்கும்போதும் இன்வெர்ட்டர் 15 வாட்ஸ் போலக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முழுக்க அணைக்காமல் விட்டால் 360 வாட்-மணி. அத்தைக்கு ஒன்பது தடவை நெபுலைசர் வைக்கிற கரண்ட் அது! வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஆனால் ஸ்விட்ச் எங்கே என்று இருட்டிலும் கை தேடாமல் போக வேண்டும். எங்கள் வண்டியில் அது அத்தையின் படுக்கைக்குத் தலைமாட்டில் இருக்கிறது.

பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது. சின்ன ஃப்ரிட்ஜில் குளிர் தட்டை ஒட்டி வைக்காமல், உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு வையுங்கள்.

எந்த மெஷினும் ஒருநாள் மக்கர் பண்ணும். டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, ஸ்பேஸரோடு இன்ஹேலரும் கையில் வைத்திருக்கிறோம். பாட்டரியில் ஓடும் கையடக்க நெபுலைசர்களும் கிடைக்கின்றன. மூச்சுத் திணறல் அடங்காவிட்டால் மெஷினையே நம்பிக்கொண்டிராமல் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு யோசனை. எல்லாம் பொருத்தியதும் நேரே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள். வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்தி, ஓர் இரவு எல்லாரும் அதில் படுத்துப் பாருங்கள். விசிறி ஓடட்டும், மிக்ஸி அரைக்கட்டும், மருந்து மெஷினும் ஓடட்டும். காலையில் பாட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலே மிச்சம் இருந்தது. அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் அத்தை பெட்டியில் புடவை அடுக்கினார்கள்.