கட்டைவிரல் ஏன் நிற்க மாட்டேங்குது?
"ஒரே ஒரு ரீல்ஸ் பார்த்துட்டுப் படிக்கலாம்" என்று ஹாஸ்டல் கட்டிலில் சாய்கிறீர்கள்; மணி இரண்டாகிவிடுகிறது. மன உறுதி இல்லையென்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். டிசைனுக்கும் இதில் பங்கு உண்டு. முன்பெல்லாம் பக்கம் முடிந்தால் 'அடுத்து' பட்டனை அழுத்தணும். அந்த நொடியில் "போதும்டா" என்று தோன்றும். 2006-ல் ஏஸா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோல் அந்த நொடியைப் பறித்துவிட்டது.

அடுத்து வருவது சூப்பரா, மொக்கையா? தெரியாது. இரை எப்போது விழும் என்று தெரியாதபோதுதான் புறா விடாமல் கொத்தும் என்று உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகள் காட்டின. நம்ம விரலும் அப்படித்தான்.

ஆகவே அந்த நிறுத்தத்தை நீங்களே வையுங்கள்: நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். அப்படியும் தூக்கமும் படிப்பும் கெட்டால், கூச்சப்படாமல் கவுன்சிலரைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி கிளினிக் இயங்குகிறது.